1/48 மஸ்டாங்: இடது காலின் டார்க் லிங்க் தொலைந்துவிட்டது, பிட்டோ குழாயும் இல்லை

தட்டான் எழுதியது:

வணக்கம். 1/48 அளவில் பி-51டி மஸ்டாங் போர் விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். உடலும் இறக்கையும் சேர்ந்து, வெள்ளி வண்ணமும் அடித்தாகிவிட்டது. சக்கரக் கால்களை மாட்டும் நேரத்தில் மூன்று துண்டுகள் குறைகின்றன.

முதலாவது, இடது காலின் டார்க் லிங்க். காலின் மேல் உருளையையும் சக்கரம் மாட்டும் கீழ்த் தண்டையும் இணைத்து, நடுவில் மடங்கி நிற்குமே, அந்தத் துண்டு. ஸ்ப்ரூவிலிருந்து (துண்டுகள் இணைந்து வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, சாமணத்தால் பிடித்ததும் துள்ளிப் போய்விட்டது. வலது காலுக்கு உரியதை முன்பே ஒட்டி, வண்ணமும் அடித்துவிட்டேன். இரண்டாவது, வலது இறக்கையின் அடியில் வரும், விமானத்தின் வேகத்தை அளக்க உதவும் ‘எல்’ வடிவப் பிட்டோ குழாய். மூன்றாவது, அதே இறக்கையின் அடியில் சிவப்பு, பச்சை, அம்பர் என்று வரிசையாக இருக்கும் மூன்று அடையாள விளக்குகளில் ஒன்றின் கண்ணாடி மூடி.

கிட்டின் இந்தப் பதிப்பு இப்போது தயாரிப்பில் இல்லை. என்னிடம் 0.25, 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகள், கையால் திருகும் சின்ன டிரில், சூப்பர் குளூ, நீர் போன்ற பிளாஸ்டிக் பசை ஆகியவை இருக்கின்றன. முப்பரிமாண அச்சு இயந்திரம் இல்லை. கையாலேயே இவற்றைச் செய்ய முடியுமா? குறிப்பாக, இடது லிங்க்கை வலதைப் போலவே செய்ய என்ன வழி?

உப்புத்தாள் எழுதியது:

செய்வதற்கு முன் ஒருமுறை ஒழுங்காகத் தேடிப் பாருங்கள் தம்பி. மேலே இருந்து குனிந்து பார்த்தால் கிடைக்காது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து ஒளியை ஓடவிடுங்கள். துண்டு சிறியதாக இருந்தாலும் அதன் நிழல் நீளமாக விழும்; கண்ணில் முதலில் படுவது நிழல்தான். அதற்கும் முன்னால் உங்கள் உடையைப் பாருங்கள். சட்டை மடிப்பு, கால்சட்டையின் கீழ் மடிப்பு, நாற்காலிக்கும் முதுகுக்கும் இடையில் உள்ள சந்து. சாமணத்திலிருந்து தெறிப்பவை பெரும்பாலும் மடியில்தான் விழுகின்றன, எழுந்து நிற்கும்போதுதான் உண்மையில் தொலைகின்றன.

விரிப்பு போட்ட தரையானால், வேக்வம் கிளீனர் குழாயின் வாயில் மெல்லிய நைலான் காலுறையை இழுத்து மாட்டி ரப்பர் வளையம் போட்டு உறிஞ்சுங்கள். துண்டு துணியில் ஒட்டி நிற்கும், பைக்குள் போகாது.

பதிப்பு தயாரிப்பில் இல்லை என்பதால் உடனே கைவிட வேண்டாம். ஒரே அச்சு வேறு படத்தோடு, வேறு டீக்காலோடு (மாடலில் ஒட்டும் சின்னங்கள்), சில நேரம் வேறு நிறுவனத்தின் பெயரிலும் வெளிவருவது இந்தத் துறையில் வழக்கம். ஸ்கேல்மேட்ஸ் தளத்தில் உங்கள் கிட்டைத் தேடினால் அதன் அச்சு எந்தெந்தப் பெட்டிகளில் வந்திருக்கிறது என்று கால வரிசையில் காட்டும். அவற்றில் ஏதாவது ஒன்று இப்போது விற்பனையில் இருந்தால், அதே ஸ்ப்ரூவை உதிரியாகக் கேட்கலாம். டாமியா போன்ற கிட் தயாரிப்பாளர்கள் விளக்கத் தாளிலேயே உதிரிகளுக்கான குறியீட்டு எண்களை அச்சிடுகிறார்கள். உங்கள் தாளின் கடைசிப் பக்கத்தையும் பாருங்கள்.

அரைமில்லி எழுதியது:

தட்டான், உப்புத்தாள் சொன்னபடி தேடுங்கள். ஆனால் கிடைக்கும் வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டாம். மூன்றையுமே கையால் செய்துவிடலாம். முப்பரிமாண அச்சு இதற்குத் தேவையே இல்லை.

முதலில் டார்க் லிங்க். நீங்கள் ‘வலதைப் போலவே இடதை எப்படிச் செய்வது’ என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்பதுதான் என் பதில். வலதையும் வெட்டி எடுத்துவிட்டு இரண்டையும் புதிதாகச் செய்யுங்கள்.

காரணம் சொல்கிறேன். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்திச் செய்யும் துண்டை ஓர் அளவுக்கு மேல் மெல்லியதாக்க முடியாது. பிளாஸ்டிக் அச்சின் மூலை வரை ஓடி நிரம்ப வேண்டும், நிரம்பிய பிறகு உடையாமல் வெளியே வரவும் வேண்டும். அதனால் கிட்டில் வரும் டார்க் லிங்க் அநேகமாகத் தடித்திருக்கும். உண்மையான விமானத்தில் லிங்க்கின் மேல், கீழ்க் கைகளின் நடுவில் திறந்திருக்கும் இடம் கிட்டில் வெறும் பள்ளமாக இருப்பதும் உண்டு. நீங்கள் 0.5 மி.மீ. தகட்டில் செய்யப்போவது அதைவிட மெல்லியதாகத்தான் வரும். கையால் செய்தது எவ்வளவு நன்றாக அமைகிறதோ, அவ்வளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பழையது தடித்துத் தெரியும். இரண்டு காலும் ஒரே பார்வையில் விழும் இடம் அது. மாடலைப் பார்ப்பவர் யாரும் லிங்க்கின் அகலத்தை அளக்கப்போவதில்லை, ஆனால் ஒன்று போல மற்றொன்று இல்லை என்பதை ஒரு நொடியில் கண்டுகொள்வார். இரண்டுமே கால் மில்லி பிசகியிருந்தால் யாருக்கும் தெரியாது. நான் வரைபடக் கூடத்தில் வேலை பார்த்தவள். அளவு என்றால் எனக்கு உயிர். ஆனாலும் ஜோடி என்று வந்தால் அளவைவிட ஒப்புமைக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன்.

இனி செய்யும் முறை. வலதை வெட்டுவதற்கு முன் வெர்னியர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்: மேல் கையின் நீளம், காலோடு சேரும் இடத்தின் அகலம், மடங்கும் முனையின் அகலம். மடிப்பின் கோணத்தை ஒரு தாளில் வரைந்துவையுங்கள். மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுத்த பிறகு அந்தத் துண்டைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் உங்கள் மாதிரி.

ஒரு லிங்க்குக்கு இரண்டு கைகள், இரண்டு காலுக்குமாக நான்கு. உங்கள் மாதிரியில் மேல் கையும் கீழ்க் கையும் ஏறக்குறைய ஒரே வடிவமாக இருந்தால், 0.5 மி.மீ. தகட்டில் விரல் நீளத்துக்கு நான்கு பட்டைகள் வெட்டுங்கள். அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையிடையே நீரில் கரையும் வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பசையைத் தொடவே கூடாது. அது பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கிவிடும், பிறகு நான்கும் பிரியாது.

அடுக்கு நன்றாகக் காய்ந்ததும், முதலில் துளை போடுங்கள். வெளி வடிவம் அதற்குப் பிறகுதான். பலர் கையின் முக்கோண வடிவத்தை வெட்டிவிட்டு நடுவில் துளை போடப் பார்ப்பார்கள்; டிரில் கொஞ்சம் நகர்ந்தாலும் ஓரம் பிய்ந்துவிடும். துளை முதலில் இருந்தால் அது எங்கே விழுந்திருந்தாலும் அதைச் சுற்றி வடிவத்தை அமைத்துக்கொள்ளலாம். டிரில்லைச் செங்குத்தாகப் பிடித்து மெதுவாகத் திருகுங்கள், அடுக்கின் இரு பக்கமும் ஒரே இடத்தில் துளை வெளிவர வேண்டும். பிறகு பட்டையின் நுனியில் மட்டும் அரத்தாலும் உப்புத்தாளாலும் முக்கோணத்தை உருவாக்குங்கள். மீதிப் பட்டை கைப்பிடியாக இருக்கட்டும். வடிவம் முழுதாக முடிந்த பிறகு, கடைசி வெட்டாக நுனியைப் பட்டையிலிருந்து பிரியுங்கள். ஆரம்பத்திலேயே சிறு துண்டாக வெட்டிக்கொண்டால் பிடிக்க இடமே இருக்காது, மறுபடியும் தெறிக்கும். வெதுவெதுப்பான நீரில் போட்டால் வெள்ளைப் பசை இளகி நான்கு கைகளும் தனித்தனியாக வரும். நான்கும் ஒரே அச்சு.

மடிப்பில் ஒரு சின்ன ஊசி தெரிய வேண்டும். ஸ்ப்ரூவில் ஒரு துண்டை எடுத்து, மெழுகுவத்திச் சுடருக்கு மேலே, சுடர் தொடாதபடி சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். நடுப்பகுதி பளபளத்துத் தொய்யும்போது சுடரிலிருந்து விலக்கி, இரு கையாலும் இழுங்கள். வேகமாக இழுத்தால் முடி போல மெல்லியதாகும், நிதானமாக இழுத்தால் தடிமன் நிற்கும். ஆறும் வரை இறுக்கத்தைத் தளர்த்தாதீர்கள், இல்லாவிட்டால் வளைந்துபோகும். அந்த இழையில் 0.4 மி.மீ. அளவுள்ள இடத்தைத் தேர்ந்து, இரு கைகளும் சேரும் முனையில் குறுக்காக வைத்து ஒட்டுங்கள். முன்பு தாளில் வரைந்த கோணத்தின் மேல் டேப்பால் பிடித்துவைத்து ஒட்டினால் இரண்டு ஜோடியும் ஒரே கோணத்தில் நிற்கும். விமானம் தரையில் நிற்கும்போது அதன் எடையால் கால் உள்ளே அமுங்கியிருக்கும், லிங்க்கும் அதற்கேற்ப அதிகம் மடங்கியிருக்கும். ஆகவே நீங்கள் வரைந்த கோணத்தை, தரையில் நிற்கும் மஸ்டாங்கின் புகைப்படத்தோடு ஒப்பிட்டு, தேவையானால் திருத்துங்கள்.

ஒட்டுவதற்கு முன் காலில் லிங்க் சேரும் இடங்களில் வண்ணத்தைச் சுரண்டிவிடுங்கள். பிளாஸ்டிக் பசை வண்ணத்தின் மேல் பிடிக்காது. வண்ணத்தைத்தான் கரைக்கும்.

பிட்டோ குழாயைப் பற்றி இரவு எழுதுகிறேன். அதற்குப் பித்தளைதான் சரி.

வெண்களி எழுதியது:

அரைமில்லி அக்கா சொன்ன முறை அழகானது. ஆனாலும் என் கை வேறு வழியில் பழகியது. வலது துண்டு கையில் இருக்கும்போது அதையே அச்செடுத்து ஒரு பிரதி வார்த்தால் ஒப்புமைப் பிரச்சினையே எழாதே? இரண்டும் ஒரே தடிமன், ஒரே பள்ளம்.

சுடுநீரில் மென்மையாகும் அச்சுக் கட்டிகள் கிடைக்கின்றன, ஓயுமாரு, ப்ளூ ஸ்டஃப் என்ற பெயர்களில். கொதி அடங்கிய நீரில் சில நிமிடம் போட்டால் மாவு போல இளகும். துண்டைப் பாதி உயரம் வரை அதில் அழுத்தி, ஆறவிட்டு, அதன் முகத்தில் வாசலினை மிக மெல்லியதாகத் தடவி, மேலே இரண்டாவது கட்டியை அழுத்தினால் இரு பாதி அச்சு தயார். வாசலினை மறந்தால் இரு பாதியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் இரண்டு குழிகள் செய்துவைத்தால் பாதிகள் இடம் மாறாமல் பொருந்தும். உள்ளே மில்லிபுட் போன்ற இருபகுதி எபாக்ஸி புட்டியைத் திணித்து அழுத்த வேண்டும். அது மூன்று நான்கு மணி நேரத்தில் கல்லாகிவிடும். நான் மறுநாள் காலை வரை தொடுவதில்லை.

அச்சுக் கட்டியை மீண்டும் இளக்கி வேறு துண்டுக்குப் பயன்படுத்தலாம் என்பது இதில் பெரிய வசதி.

அரைமில்லி எழுதியது:

வெண்களி, உங்கள் முறையை நானும் பயன்படுத்துகிறேன், மதிக்கிறேன். ஆனால் இந்தத் துண்டுக்கு அது பொருந்தாது என்றே நினைக்கிறேன். மெல்லிய கை, நடுவில் துளை அல்லது பள்ளம், கூர்மையான ஓரம். இப்படிப்பட்ட அச்சில் புட்டி மூலை வரை போவதற்குள் காற்று சிக்கிக்கொள்ளும். போனாலும் இரு பாதிகளும் சேரும் கோட்டில் பிதுங்கிய புட்டியைச் சுரண்ட வேண்டும். அவ்வளவு மெல்லிய இடத்தில் சுரண்டினால் எபாக்ஸி முறிந்துவிடும். ஸ்டைரீன் வளைந்து கொடுக்கும், எபாக்ஸி கொடுக்காது. நீங்கள் பிரதி எடுப்பது தடித்த, பள்ளம் மட்டும் உள்ள துண்டை என்பதும் இருக்கிறது. புதிதாகச் செய்ய ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும்போது அந்தக் குறையை ஏன் இரட்டிப்பாக்க வேண்டும்?

இதே மஸ்டாங்கில் வார்ப்பதுதான் சரி என்று நான் சொல்லும் துண்டு ஒன்று இருக்கிறது. புகைபோக்கிகள். 12 சிலிண்டர் மெர்லின் இயந்திரம், பக்கத்துக்கு ஆறு குழாய்கள். அவற்றில் ஒன்று தொலைந்தால் பக்கத்துக் குழாயை அச்செடுங்கள். வளைந்து தட்டையாகும் அந்த வடிவத்தைக் கத்தியால் செதுக்கி ஒத்துப்போகச் செய்வது பெரும்பாடு. சக்கரம், இருக்கை, இயந்திரத்தின் சிலிண்டர் தலை, ஆள் உருவத்தின் கை என்று திரண்ட, வளைந்த, மேற்பரப்பில் நுணுக்கம் நிறைந்த எல்லாவற்றுக்கும் அச்சுதான். தகடு, கம்பி, கோணம் என்று சொல்லிவிடக்கூடிய எதற்கும் ஸ்டைரீனும் பித்தளையும்தான்.

இப்போது பிட்டோ. 1/48 அளவில் உண்மையான ஓர் அங்குலம் 0.53 மி.மீ. ஆகும். 1/72-இல் 0.35, 1/35-இல் 0.73. இந்த மூன்று எண்களையும் மேசைக்கு மேலே எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன். எந்தத் துண்டு தொலைந்தாலும் உண்மையான பொருளின் அளவு தெரிந்தால் உடனே கம்பியின் தடிமன் தெரிந்துவிடும். உங்கள் பிட்டோவின் முன்குழாய்க்கு 0.5 மி.மீ. வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் அளவுகளில் அல்பியன் அலாய்ஸ் விற்கிறது. 0.5-க்குள் 0.3-ஐ நுழைத்து முன்னால் சற்று நீட்டிவைத்தால், படிப்படியாகச் சிறுக்கும் முனை தானே அமைந்துவிடும். குழாயைக் குறடால் வெட்டாதீர்கள், நசுங்கி வாய் மூடிக்கொள்ளும். கெட்டியான பலகையில் வைத்து, கத்தியின் விளிம்பை லேசாக மேலே அழுத்தி முன்னும் பின்னும் உருட்டுங்கள். சுற்றிலும் கோடு விழுந்து, ஒரு கட்டத்தில் சுத்தமாக விட்டுப்போகும். உள்ளே ஒரு மெல்லிய கம்பியைச் செருகிக்கொண்டு உருட்டினால் இன்னும் நல்லது.

பித்தளைக் குழாய் கிடைக்காவிட்டால், பிரிக்காத புதிய ஊசி மருந்து ஊசி உதவும். 25 கேஜ் ஊசி ஏறக்குறைய 0.5 மி.மீ., 30 கேஜ் 0.3 மி.மீ. ஆனால் அது துருப்பிடிக்காத எஃகு, கத்தியால் உருட்டி வெட்ட முடியாது. சுழலும் வெட்டுத் தகடு வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். கூர்முனையை முதலிலேயே வெட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிடுங்கள்.

இறக்கையிலிருந்து இறங்கும் தண்டு உருளையாக இருக்கக்கூடாது, காற்றைக் கிழிக்கும் வடிவம் வேண்டும். 0.5 மி.மீ. தகட்டில் ஒரு மில்லி அகலப் பட்டை வெட்டி, முன் ஓரத்தை உருட்டி, பின் ஓரத்தை மெல்லியதாக்கித் தேயுங்கள். குழாயும் தண்டும் சேரும் இடத்துக்குச் சூப்பர் குளூ. பித்தளையைப் பிளாஸ்டிக் பசை பிடிக்காது.

தட்டான் எழுதியது:

மிக்க நன்றி அக்கா, எல்லோருக்கும் நன்றி. தரையில் ஒளியை ஓடவிட்டுப் பார்த்தேன். விளக்கின் கண்ணாடி மூடி நாற்காலிச் சக்கரத்தின் அடியில் இருந்தது, ஆனால் நசுங்கிப்போய்விட்டது. லிங்க் கிடைக்கவில்லை.

வலதையும் வெட்டிவிட்டேன். நான்கு அடுக்கு முறை அருமையாக வந்தது. துளையை முதலில் போட்டதால் ஒன்றுகூடப் பிய்யவில்லை. இப்போது இரண்டு சந்தேகங்கள். லிங்க்குகளைச் சாம்பல் பிரைமர் அடித்துப் பார்த்தால் அரத்தின் கோடுகள் தெரிகின்றன. வெள்ளி வண்ணத்தில் மறைந்துவிடுமா? விளக்கு மூடிக்கு என்ன செய்வது? மற்ற இரண்டு மூடிகளும் நன்றாகவே இருக்கின்றன.

உப்புத்தாள் எழுதியது:

மறையாது தம்பி. உலோக வண்ணம் எந்தக் கீறலையும் மறைக்காது, எடுத்துக்காட்டும். 1000, பிறகு 2000 எண் உப்புத்தாளால் நீர் தொட்டுத் தேயுங்கள். துண்டை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டிவைத்துத் தேய்த்தால் கையை விட்டுப் போகாது. காலிலிருந்து கீழிறங்கும் பிரேக் குழாயை மெல்லிய செப்புக் கம்பியில் செய்து லிங்க்கின் ஓரமாக விடுங்கள். பார்வை அதில் போகும்.

அரைமில்லி எழுதியது:

உப்புத்தாள் சொன்ன பிரேக் குழாயை இரண்டு காலுக்கும் போடுங்கள், ஒன்றுக்கு மட்டும் வேண்டாம்!

விளக்குகளுக்கும் அதே விதிதான். மற்ற இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு மூன்றையும் ஒரே முறையில் செய்யுங்கள். பள்ளத்தின் அடியில் பளிச்சென்ற வெள்ளி வண்ணம் ஒரு துளி வையுங்கள். காய்ந்ததும், சிவப்பு, பச்சை, அம்பர் ஆகிய ஒளிபுகும் வண்ணங்களை உங்கள் கிட்டின் வண்ண வழிகாட்டியில் உள்ள வரிசைப்படி அதன்மேல் பூசுங்கள். அதற்கு மேலே புற ஊதா ஒளியில் இறுகும் தெளிந்த ரெசினை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். தன் பரப்பு இழுவிசையாலேயே அது குவிந்து கண்ணாடி மூடியாக நிற்கும். மூன்று துளிகளும் ஒரே அளவாக அமையும் வரை விளக்கைக் காட்டாதீர்கள். இறுகுவதற்கு முன் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். ரெசின் இல்லாவிட்டால், காய்ந்தால் தெளிவாகும் வெள்ளைப் பசை போதும். அது காயும்போது சற்றுச் சுருங்கும், ஆகவே இரண்டாவது துளி தேவைப்படலாம். சூப்பர் குளூவை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடித் துண்டுகளின் மேல் வெண்பனியாகப் படியும். உங்கள் காக்பிட் மூடியும் பக்கத்தில்தானே இருக்கிறது.

பிட்டோவின் தண்டில் இறக்கையோடு சேரும் முனையில் ஒரு சின்னக் கம்பி முளையை விட்டுவைத்து, இறக்கையில் அதற்கேற்ற 0.4 மி.மீ. துளை போடுங்கள். முளை இல்லாமல் வெறும் முனையோடு ஒட்டினால் முதல் தட்டலிலேயே போய்விடும். டீக்கால், வார்னிஷ் எல்லாம் முடிந்து, மாடலை இனிக் கவிழ்க்க வேண்டிய வேலை எதுவும் இல்லை என்ற பிறகே அதை மாட்டுங்கள்.